பிறந்தது டெலவேர், பிழைப்பது டெக்சாஸ்: வெளிமாநிலக் கம்பெனிப் பதிவு கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் தொடங்கிய கம்பெனியை வைத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்தில் தொழில் செய்வது பற்றி நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் நியூஜெர்சியில் சிறு தொழில்களுக்குக் கணக்கு பார்ப்பவள், வக்கீல் இல்லை. கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த மாநிலத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): அக்கா, எங்கள் எல்எல்சி (கம்பெனிக் கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்து பொறுப்பாகாத கம்பெனி வகை) டெலவேரில் பதிவானது. இங்கே ஆபீஸ் எடுத்த பிறகு "ஃபாரின் எல்எல்சி" என்று பதிவு செய்யச் சொல்கிறார்கள். நாங்கள் வெளிநாட்டுக் கம்பெனி இல்லையே?

பதில்: இந்தியாவில் கம்பெனிச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. அந்தப் பழக்கத்தில்தான் நமக்கு இது குழப்புகிறது. அமெரிக்காவில் கம்பெனியைப் பெற்றெடுப்பதே மாநிலச் சட்டம். டெலவேர் பெற்ற பிள்ளை டெலவேருக்கு மட்டும்தான் "டொமஸ்டிக்". மற்ற 49 மாநிலங்களுக்கும் அது "ஃபாரின்".

இது பழைய கதை. நியூயார்க் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வர்ஜீனியாவில் பாலிசி விற்ற சாமுவேல் பால் என்பவர், லைசென்ஸ் கேட்ட மாநிலத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒரு மாநிலக் குடிமகனுக்கு மற்ற மாநிலங்களில் கிடைக்கும் உரிமை கார்ப்பரேஷனுக்குக் கிடையாது என்று 1869இல் தீர்ப்பு வந்தது. அதனால் "எங்கள் ஊரில் தொழில் செய்ய வேண்டுமா, இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வா" என்று மாநிலம் சொல்லலாம்.

கலிபோர்னியாவில் நீங்கள் செய்ய வேண்டியது எல்எல்சி-5 படிவம். கட்டணம் 70 டாலர். டெலவேரிலிருந்து குட் ஸ்டாண்டிங் சான்றிதழ், அதாவது கம்பெனி பாக்கி இல்லாமல் ஒழுங்காக நடப்பில் இருக்கிறது என்ற சான்று, வாங்கி இணைக்க வேண்டும். கலிபோர்னியாவிலேயே முகவரி உள்ள ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் ஒருவர் வேண்டும். கோர்ட் நோட்டீஸ் வந்தால் கையில் வாங்குவதற்குத்தான் அவர், அதனால் தபால் பெட்டி எண் செல்லாது. இந்த 70 டாலரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 800 டாலர் குறைந்தபட்ச வரி உண்டு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும். கலிபோர்னியாவிலிருந்து வரும் மொத்த வரவு 2,50,000 டாலரைத் தொட்டால் அதற்கு மேல் 900 டாலரில் தொடங்கி 11,790 வரை ஏறும் இன்னொரு கட்டணமும் உண்டு. இது லாபத்தின் மேல் இல்லை, வரவின் மேல். டெலவேரும் சும்மா இருக்காது. அங்கே ஆண்டுதோறும் ஜூன் 1க்குள் 300 டாலர் வரி.

கேள்வி (எடிசன்): வயோமிங்கில் 100 டாலருக்கு எல்எல்சி தொடங்கலாம், வரியே இல்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எடிசனில் கேட்டரிங் தொடங்கப் போகிறேன். வயோமிங் நல்லதா?

பதில்: வேண்டாம். நீங்கள் சமைப்பது எடிசனில், பரிமாறுவது எடிசனில், ஆள் வைப்பதும் எடிசனில். வயோமிங்கில் பதிவு செய்தாலும் நியூஜெர்சியில் ஃபாரின் பதிவுக்கு 125 டாலர், ஆண்டு அறிக்கைக்கு 75 டாலர். இங்கேயே நேரடியாகத் தொடங்கினாலும் அதே 125, அதே 75தான். வயோமிங்கின் 100 டாலர், ஆண்டுக்குக் குறைந்தது 60 டாலர், அங்கே ஒரு ஏஜென்ட்டுக்குச் சம்பளம் எல்லாம் தண்டம். வரி வேலை நடக்கும் இடத்தைப் பார்த்து வரும், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வராது.

டெலவேர் யாருக்கு என்றால், முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டப் போகிற சி கார்ப்பரேஷனுக்கு (பங்குகளாகப் பிரித்த, தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் கம்பெனிக்கு). அவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். 1792இல் தொடங்கிய, ஜூரி இல்லாத தனி நீதிமன்றம் ஒன்று அங்கே இருக்கிறது; கம்பெனி வழக்குகளில் பெயர் பெற்றது. இட்லி மாவுக் கடைக்கு அது எதற்கு?

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): வீட்டிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கிறேன். 30 மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முப்பதிலும் பதிவு செய்ய வேண்டுமா? தூக்கமே வரவில்லை அக்கா.

பதில்: தூங்குங்கள். முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். கம்பெனிப் பதிவு ஒன்று, வருமான வரி ஒன்று, சேல்ஸ் டாக்ஸ் ஒன்று. மூன்றுக்கும் அளவுகோல் வேறு, அலுவலகம் வேறு. எனக்கு வரும் குழப்பங்களில் பாதி இவற்றை ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருபவை.

கம்பெனிப் பதிவு "அந்த மாநிலத்துக்குள் தொழில் செய்கிறாயா" என்பதைப் பார்க்கும். பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் எது தொழில் என்று சொல்வதே இல்லை; எது தொழில் ஆகாது என்று மட்டும் ஒரு பட்டியல் தரும். பேங்க் கணக்கு வைத்திருப்பது, மீட்டிங் நடத்துவது, சுயேச்சையான ஏஜென்ட் மூலம் விற்பது, மாநிலத்துக்கு வெளியே ஏற்றுக்கொண்ட பிறகே ஒப்பந்தமாகும் ஆர்டரை அங்கே கேட்டு வாங்குவது, மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். கொலம்பஸில் பேக் செய்து அட்லாண்டாவுக்கு அனுப்பும் சேலை அந்தக் கடைசி வகை. இதில் மாநிலமே விரும்பினாலும் ஓரளவுக்கு மேல் கை வைக்க முடியாது. 1974இல் டென்னஸியின் பருத்தி வியாபாரி ஒருவருக்கு பதிவு செய்யவில்லை என்று மிசிசிப்பி தன் கோர்ட் கதவைச் சாத்தியபோது, இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், சாத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

சேல்ஸ் டாக்ஸ் வேறு ரகம். 2018இல் வேஃபேர் என்ற ஆன்லைன் கடை மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஆளோ கடையோ இல்லாத மாநிலமும் விற்பனை அளவை வைத்து உங்களை வசூலிக்கச் சொல்லலாம். அந்த வழக்கில் சவுத் டகோட்டா வைத்திருந்த கோடு ஓராண்டில் 1,00,000 டாலர் அல்லது 200 பில். 200 பில் கணக்கைப் பல மாநிலங்கள் பிறகு விட்டுவிட்டன. ஆகவே மாநிலவாரியாக விற்பனையை ஒரு தாளில் எழுதிவாருங்கள், அது போதும். சரக்கை வேறு மாநிலக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் கதை மாறத் தொடங்கும். அப்போது திரும்பக் கேளுங்கள்.

கேள்வி (சார்லட்): எங்கள் நார்த் கரோலினா கம்பெனியின் ஊழியர் ஒருவர் மனைவி வேலைக்காக டாலஸ் போய்விட்டார். வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். ஒரே ஒரு ஆள்தானே, பதிவு வேண்டுமா?

பதில்: சம்பள ஊழியர் நிரந்தரமாக உட்கார்ந்து வேலை செய்தால் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஆள் என்பதால் தள்ளுபடி ஏதும் இல்லை. அதைவிட முந்தையது சம்பளக் கணக்கு. டெக்சாஸில் தனிநபர் வருமான வரி இல்லாததால் மாநிலப் பிடித்தம் கிடையாது, ஆனால் வேலையிழப்புக் காப்பீட்டுக்குப் பதிவு வேண்டும். கம்பெனிப் பதிவுக் கட்டணம் 750 டாலர், நான் பார்த்தவற்றில் கனமான ஒன்று. கம்பெனிகள் மேல் டெக்சாஸ் போடும் ஃப்ரான்சைஸ் டாக்ஸ் என்ற வரியின் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். 2026 அறிக்கைக்கு மொத்த வருவாய் 26.5 லட்சம் டாலர் வரை வரி இல்லை. வரி இல்லாவிட்டாலும் மே 15க்குள் தகவல் அறிக்கை மட்டும் போட வேண்டும். அதை மறந்துதான் பலர் குட் ஸ்டாண்டிங்கை இழக்கிறார்கள்.

கேள்வி (ஆஸ்டின்): பதிவு செய்யாமலே ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பதில்: யாரும் வர மாட்டார்கள். நீங்கள்தான் ஒரு நாள் போய் நிற்பீர்கள். என்னிடம் கணக்குக்கு வந்த ஒருவர் வெளிமாநில எல்எல்சியை வைத்து டெக்சாஸில் இரண்டரை ஆண்டு வேலை எடுத்துச் செய்தார். ஒரு வாடிக்கையாளர் பெரிய பில்லைக் கட்டாமல் இழுத்தடிக்க, இவர் கேஸ் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாகச் செய்தது, இவருடைய கம்பெனி டெக்சாஸில் பதிவாகியிருக்கிறதா என்று தேடியதுதான். பதிவில்லாத கம்பெனி அங்கே வழக்கு நடத்த முடியாது. ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை. உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டால் வாதாடவும் தடையில்லை. உங்கள் பணத்தை நீங்கள் கேட்பதற்குத்தான் தடை.

பதிவு செய்த பிறகு வழக்கு நகர்ந்தது. ஆனால் அங்கே தொழில் தொடங்கி 90 நாளைத் தாண்டினால், தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இன்னொரு பதிவுக் கட்டணம். அரை ஆண்டும் ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். 750 கட்ட வேண்டிய இடத்தில் 3,000 டாலர். கலிபோர்னியாவில் வெளிமாநிலக் கார்ப்பரேஷனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர், 10,000 வரை அபராதம் போடலாம்.

கேள்வி (குவீன்ஸ்): நியூயார்க்கில் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். எல்எல்சி என்றால் 120 நாளுக்குள், கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) கிளார்க் சொல்லும் இரண்டு பத்திரிகைகளில், ஒன்று நாளிதழ், ஒன்று வார இதழ், ஆறு வாரம் தொடர்ந்து. யார் படிக்கிறார்களோ தெரியாது! பதிவுக் கட்டணம் 250, விளம்பரச் சான்று தாக்கல் செய்ய 50. இவற்றைப் பத்திரிகைச் செலவு தூக்கிச் சாப்பிட்டுவிடும். மன்ஹாட்டனில் இருக்கும் விலை ஆல்பனியில் இல்லை, அதனால்தான் பலர் அலுவலகக் கவுன்ட்டியாக ஆல்பனியைக் காட்டுகிறார்கள். கார்ப்பரேஷனுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி (ஜெர்சி சிட்டி): எங்கள் பெயரில் அந்த மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது. புது இஐஎன் (மத்திய வரித்துறை கம்பெனிக்குத் தரும் அடையாள எண்) வாங்க வேண்டுமா?

பதில்: இஐஎன் அதேதான், கம்பெனி ஒன்றுதானே. பெயருக்கு, அந்த மாநிலத்தில் மட்டும் வழங்கும் மாற்றுப் பெயர் ஒன்றைப் படிவத்திலேயே கொடுக்கலாம். அங்கே போடும் ஒப்பந்தங்களில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை மட்டும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): ஹூஸ்டனில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கி, அதற்கு டெக்சாஸில் எல்எல்சி தொடங்கினேன். கலிபோர்னியாவுக்கு இதில் சம்பந்தம் இல்லைதானே?

பதில்: வீடு ஹூஸ்டனில், சரி. வாடகைக்கு ஆள் பார்ப்பது, பிளம்பருக்குப் பணம் அனுப்புவது, கையெழுத்துப் போடுவதெல்லாம் யார்? நீங்கள், ஃப்ரீமான்ட்டில் உட்கார்ந்து. நிர்வாகம் இங்கிருந்து நடந்தால் எல்எல்சி இங்கேயும் தொழில் செய்கிறது என்பதுதான் கலிபோர்னியா வரித்துறையின் நிலை. 800 டாலரை எடுத்து வையுங்கள். இதைச் சொன்னால் கோபப்படாதவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): எங்கள் பிரைவேட் லிமிடெட்டையே நேரடியாக டெக்சாஸில் பதிவு செய்யலாமா மேடம்?

பதில்: செய்யலாம், ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. நேரடியாகப் போனால் இந்தியக் கம்பெனியே அமெரிக்க வழக்குக்கும் வரிக்கும் ஆளாகும். 1120-எஃப் என்ற வரிப் படிவம் போட வேண்டும். உரிமையாளர் விவரத்தை, நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபின்சென்னுக்குத் தரும் கடமையும் உண்டு. 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகளை அதிலிருந்து விடுவித்தார்கள், வேறு நாட்டில் பிறந்து இங்கே பதிவாகும் கம்பெனிகளை விடுவிக்கவில்லை. டெலவேர் எல்எல்சி டெக்சாஸில் "ஃபாரின்" ஆவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல் மட்டும்தான் ஒன்று.

அமெரிக்காவில் ஒரு துணை நிறுவனம் தொடங்குவது வழக்கமான பாதை. அதிலும் வெளிநாட்டு உரிமையாளரோடு நடந்த பணப் பரிமாற்றங்களைச் சொல்லும் 5472 படிவத்தை விட்டால் அபராதம் 25,000 டாலர், மறந்துவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி உங்கள் பேங்க் வழியாகத்தான் நடக்க வேண்டும். அதை உங்கள் ஆடிட்டரிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வி (சான் டியேகோவிலிருந்து ராலே போனவர்): கலிபோர்னியாவில் தொழிலை நிறுத்தி ஓராண்டாயிற்று. இன்னும் 800 டாலர் கேட்டுக் கடிதம் வருகிறது.

பதில்: கடையைப் பூட்டினீர்கள், பதிவை ரத்து செய்தீர்களா? கம்பெனிப் பதிவைக் கவனிக்கும் மாநில அலுவலகமான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் ரத்துப் படிவமும் வரித்துறையில் "இறுதி" என்று குறித்த ரிட்டர்னும் போகும்வரை மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த வாரமே இரண்டையும் அனுப்புங்கள்.

கேள்வி (டாம்பா): பதிவு முடிந்து பத்தே நாளில், அரசு முத்திரை மாதிரி போட்டு, சான்றிதழுக்கும் தொழிலாளர் சட்டப் போஸ்டருக்கும் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டட்டுமா?

பதில்: கட்டாதீர்கள். பதிவு விவரங்கள் எல்லோரும் பார்க்கக்கூடியவை, அதைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் "இது அரசு நிறுவனம் அல்ல" என்று இருக்கிறதா பாருங்கள். உங்களுடையது எல்எல்சி என்றால், நீங்கள் உண்மையில் கட்ட வேண்டியது ஃப்ளோரிடா ஆண்டு அறிக்கைக்கான 138.75 டாலர், மே 1க்குள். தவறினால் 400 டாலர் கூடும். காலண்டரில் அதைக் குறித்துக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.