அமார்பஸ் கோரை உலையில் வைக்க விடாதீர்கள்

"மண்டபம் ஊரில் ஐஸ் பிளாண்ட் நடத்துகிறேன். எங்கள் டிரான்ஸ்பார்மரில் வைண்டிங், அதாவது கம்பிச் சுற்று, எரிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் பிரித்துப் பார்த்தவர், சுற்றுக்கு நடுவே இருக்கும் கோர் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உப்புக்காற்றில் கெட்டுவிட்டது, உலையில் சூடு காட்டினால் பழையபடி வளையும் என்கிறார். தனிக் கூலி கேட்கிறார். செய்யலாமா?"

வேண்டாம். அந்தத் தகடு கெட்டதால் நொறுங்கவில்லை. அதன் இயல்பே அதுதான்.

உங்களுடையது அமார்பஸ் கோர். உருகிய இரும்பு, சிலிக்கான், போரான் கலவையைச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பாய்ச்சி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் உறைய வைத்த நாடா. தடிமன் சுமார் 0.025 மில்லிமீட்டர். அத்தனை வேகத்தில் அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. சாக்கில் கொட்டிய நெல் மாதிரி தாறுமாறாகக் கிடக்கும். அதனால்தான் உலோகக் கண்ணாடி என்கிறோம்.

புது நாடாவை இரண்டாக மடித்தாலும் உடையாது. நெல்மணிகளுக்கு நடுவே கொஞ்சம் இடமிருப்பதால் அங்கங்கே சிறு கூட்டங்களாக நகர்ந்து கொடுக்கும். ஆனால் மின் இழப்பைக் குறைக்க, கோராகச் சுற்றிய பிறகு தொழிற்சாலையில் காந்தப்புலத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். படியில் நெல்லைக் குலுக்கி அளந்தால் அடங்கிவிடும் அல்லவா, அதேதான் இங்கும் நடக்கிறது. நகர இடமில்லாமல் போனபின் வளைத்தால், முழு வளைவும் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய ஒரே கோட்டில் இறங்கும். பட்டென்று உடையும்.

செம்புக் கம்பியும் சாதா இரும்பும் சூட்டில் மிருதுவாகும். ரீவைண்டிங் செய்பவருக்குப் பழக்கம் அது. இங்கே சூடு ஏற ஏற நெல் இன்னும் அடங்கும். 500 டிகிரியைத் தாண்டினால் அணுக்கள் படிகமாகிவிடும். அதோடு கோர் போச்சு.

மறுபடி வளைய வைக்க வழியே இல்லையா என்றால், உண்டு. சூடு அல்ல, குளிர்! திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில் முக்கி, வெளியே எடுத்து, மறுபடி முக்கி என்று பல தடவை செய்தால் சில உலோகக் கண்ணாடிகள் இளகுகின்றன என்று 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. உள்ளே எல்லா இடமும் ஒரே அளவு சுருங்கி விரியாததால் அடங்கிய நெல் மறுபடி கலைகிறது. அப்புறம் நெளிவு ஒரே கோட்டில் விழாமல் பல கோடுகளில் பிரியும். ஆனால் அது ஆய்வகத்தில் சிறு துண்டுகளில் செய்தது. உங்கள் கோருக்கு வளையும் தன்மை தேவையும் இல்லை. இழப்பு குறையத்தான் நெல்லை அடக்கினார்கள், அதைக் கலைப்பானேன்? இதைச் சொல்லி யாராவது 'குளிர் டிரீட்மென்ட்' என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறு. "இந்தக் கோர் உதவாது, சாதா கோர் போட்டுத் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் வருவார். அமார்பஸ் கோர் குறைந்த காந்த அடர்த்தியிலேயே நிறைந்துவிடும், அதற்குமேல் காந்தத்தைத் தாங்காது என்பதால் அதைப் பெரிய குறுக்களவில் செய்கிறார்கள். காயலான் கடை லேமினேஷனை, அதாவது பழைய சாதா கோர் தகடுகளை, அளவு பார்க்காமல் அதில் திணித்தால், லோடே இல்லாத ராத்திரியிலும் உங்கள் மீட்டர் முன்னைவிட வேகமாக ஓடும். நல்ல கோர் அவர் வண்டியில் போய்விடும். இப்படி ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் கம்பெனிக்காரர்கள் விற்கும்போது இழப்பு எத்தனை வாட் என்று பெருமையடிக்கிறார்கள். இந்தக் கோரைப் பிரிக்கும் முறையைத் தமிழில் ஒரு தாள் அச்சடித்துப் பெட்டியில் ஒட்ட ஒருவருக்கும் மனசில்லை. பழுது பார்ப்பவருக்குப் பயிற்சியும் இல்லை. அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: கோரைக் கடல்காற்றில் திறந்து போடாதீர்கள், துருப்பிடிக்கும். கீழ்ப்பக்க இணைப்பை மட்டும் மெதுவாகத் திறந்து, புது வைண்டிங்கை ஏற்றி மூடச் சொல்லுங்கள். வைண்டிங்கின் பாரம் கோர் மேல் விழக்கூடாது. உதிர்ந்த சில்லுகளைத் துடைத்தெடுத்து, ஆயிலை வடிகட்ட வேண்டும். மூடியபின் லோடு இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுத்து உங்கள் கண்முன்னே இழப்பை அளக்கட்டும். தொழிற்சாலை டெஸ்ட் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் மீதிக் கூலியைக் கொடுங்கள்.