வெள்ளைக்கல் மேட்டில் எதை நடுவது? (கேள்வி பதில்)

கருப்பூரிலிருந்து: அண்ணா, சேலத்து வெள்ளைக்கல் சுரங்கக் கழிவு மேட்டில் வேம்பும் புங்கனும் நட்டோம். தண்ணீர் ஊற்றியும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. ஏன்?

தண்ணீர் பாதிதான் காரணம், தம்பி. வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். அந்தக் கழிவில் மக்னீசியம் அளவுக்கு மீறி இருக்கும், கால்சியம் அதற்கு எதிரில் சொற்பம், காரத்தன்மை வேறு, தழைச்சத்தும் மணிச்சத்தும் பேருக்குத்தான், தாய்ப்பாறை டியூனைட் என்ற மக்னீசியம் மிகுந்த பாறை என்பதால் நிக்கல், குரோமியம் என்ற உலோகங்களும் கூடவே வரும், அளவு மீறினால் நஞ்சு. இதில் நர்சரிக் கன்றைக் கொண்டுபோய் நட்டால் என்ன ஆகும்! சுற்றியுள்ள கரட்டில் தானாக என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். விராலி, ஆவாரை, கொழுக்கட்டைப்புல் இருந்தால் அங்கேயே விதை எடுத்து, மழைக்கு முன்னால் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டுத் தூவுங்கள். புல் மண்ணைப் பிடித்து இலைதழை சேர்ந்த பிறகு உசிலை, வெள்வேல். வேம்பெல்லாம் அப்புறம்.

ஓமலூரிலிருந்து: டோலமைட் தூள் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

வேண்டவே வேண்டாம், அதில் கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்தே வரும். ஜிப்சம் போடுங்கள், காரத்தை ஏற்றாமல் கால்சியம் தரும். கூடவே மட்கிய தொழுவுரம். சாம்பலும் வேண்டாம், அது காரத்தை ஏற்றும்.

மாமாங்கத்திலிருந்து: லாரியில் செம்மண் அடித்துப் பரப்பினால் வேலை சீக்கிரம் முடியுமே?

சரிவில் கொட்டினால் பெருமழைக்கு ஓடைக்குப் போய்விடும். அதோடு, செம்மண்ணுக்காக இன்னொரு ஊரில் குழி விழும், அதை யார் மூடுவது? நடும் குழிக்கு மட்டும் போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: சீமைக்கருவேலம் தானாகவே வருகிறதே, விட்டுவிடலாமா?

பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் நாட்டுச் செடி எழும்ப விடாது. நாட்டுச் செடி வேர் பிடிக்கப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரோடு எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் மேடு மொட்டையாகி மண் அரிக்கும்.

ஏற்காட்டிலிருந்து: மேலே பாக்சைட் (அலுமினியத் தாது) எடுத்த இடத்துக்கும் இதே முறையா சார்?

இல்லை. அது சத்து கழுவப்பட்ட, புளிப்பான செம்பாறை மண். அங்கே ஜிப்சத்தை விட மேல்மண்தான் முக்கியம். பக்கத்துச் சோலையின் நாவல், அத்தி வகைகளை வையுங்கள். தயவுசெய்து சில்வர் ஓக் வேண்டாம், காப்பித் தோட்டத்தில் இருப்பதே போதும்.

செட்டிச்சாவடியிலிருந்து: ஆடுகள் விடுமா அண்ணா? ஓரத்தில் கீரை போடலாமா?

விராலியையும் ஆவாரையையும் ஆடு அவ்வளவாகத் தொடாது, புல்லைத்தான் முதலில் காலி செய்யும், முள்வேலி போடுங்கள். கீரை வேண்டாம்மா. மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து நிக்கல், குரோமியம் பார்க்காமல் சாப்பிடும் எதையும் போடாதீர்கள்.