ராத்திரில விழுற ப்ரோக்ராம், விழுந்த நொடிய எப்படி பிடிச்சு வைக்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு எடை மேடை சாஃப்ட்வேர் எழுதி நான்தான் பாத்துக்கிறேங்க. சி பிளஸ் பிளஸ்ல எழுதுனது, உபுண்டு போட்ட சின்ன பிசில சிஸ்டம்டி சர்வீஸா (பின்னணியில தானா ஓடுற மாதிரி) ஓடுது, எடை காட்டுற இண்டிகேட்டர்ல இருந்து சீரியல் போர்ட் வழியா எடைய படிச்சு சீட்டு போடும். சீசன் நேரத்துல நடு ராத்திரில திடீர்னு செத்துடுது. சர்வீஸ் தானா மறுபடி எழுந்துக்குது, ஆனா மேடையில நின்ன லாரியோட எடை போயிடுது. காலைல போய் பாத்தா ஒண்ணுமே மிச்சமில்ல. சாகுற நேரத்துல ரிஜிஸ்டர், மெமரி எல்லாத்தையும் சேமிக்க என்ன பண்ணணும்?

பதில்: உங்க ஊர்ல மே மாசம் தொடங்கி தோதாபுரி லோடு ராத்திரி பகலா வந்து நிக்கும், அந்த நேரத்துல யாரும் கோட்ட பாத்துக்கிட்டு உக்கார முடியாது, அதனால செத்தா தானா எழுப்புற ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டு வெச்சிருக்கீங்க, அது சரிதான், எடுக்க வேணாம். ஆனா அதோட சேத்து இன்னொண்ணையும் போட்டிருக்கணும். தொப்பூர் கணவாய்ல லாரி மோதி கிடக்கும்போது, டயர் தடம், வண்டி நின்ன நிலைமை எதையும் குறிக்காம கிரேன் வெச்சு இழுத்து ஓரம் கட்டிட்டா எப்படி மோதுச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாதில்லையா, உங்க சர்வீஸ் ஒவ்வொரு ராத்திரியும் அதத்தான் பண்ணிட்டு இருக்கு.

நீங்க கேக்குற வேலைய செய்ய புதுசா கோட் எழுத வேணாங்க, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னலே செய்யும். தப்பான அட்ரஸ தொட்டா கெர்னல் அந்த ப்ராசஸுக்கு 11ஆம் நம்பர் சிக்னல அனுப்பும், சிக்செக்வ்னு சொல்றது இதத்தான். அதுக்கு டிஃபால்ட்டா நடக்கிறது ரெண்டு, ப்ராசஸ நிறுத்துறது, நிறுத்துறதுக்கு முன்னாடி கோர் டம்ப், அதாவது அந்த நொடியில இருந்த மெமரியோட நகல, எழுதுறது. அந்த கோர் ஃபைல்ல ஒவ்வொரு த்ரெட்டோட ரிஜிஸ்டரும் இருக்கும், ஸ்டாக், ஹீப், குளோபல் வேரியபிள் எல்லாமும் இருக்கும். உங்களுக்கு வராததுக்கு ஒரு காரணம் கோர் சைஸ் லிமிட்டா இருக்கலாம், பல சிஸ்டத்துல அது 0னு இருக்கும், அதனால கோர் ஃபைல் எழுதப்படாமயே போயிடும்.

செட்டிங்க தொடுறதுக்கு முன்னாடி சிஸ்டம்டியோட ஜர்னல் லாக்க ஒரு தடவ பாருங்க. சர்வீஸ் செத்த இடத்துல கோட் ஈக்வல் கில்டுன்னோ டம்ப்டுன்னோ ஒரு வார்த்தையும் அதுக்கு பக்கத்துல ஸ்டேட்டஸ்னு ஒரு நம்பரும் இருக்கும். 11னா மெமரி தப்பு, 6னா ப்ரோக்ராமே அபார்ட் பண்ணிக்கிச்சு, 9னா வெளியில இருந்து யாரோ கொன்னிருக்காங்க, அது பெரும்பாலும் மெமரி தீந்து போய் கெர்னலோட ஊம் கில்லர் வந்ததா இருக்கும். 9ஆ இருந்தா கோர் டம்ப் வரவே வராது, என்ன செட்டிங் போட்டாலும் வராது, அங்க தேட வேண்டியது மெமரி லீக். டம்ப்டுனு வார்த்தை இருந்தா கெர்னல் கோர எடுத்து குடுத்திருக்கு, ஆனா அது ஃபைலா மிச்சமிருக்கணும்னு இல்ல, கில்டுனு இருந்து நம்பர் 11னா கோர் எழுதல. இந்த ஒரு வரிய பாக்காம நாள் கணக்குல கோட்ட படிச்சுட்டு இருக்கறவங்கள நிறைய பாத்திருக்கேன், தயவு செஞ்சு இத மொதல்ல பாருங்க.

கெர்னலோட மெசேஜ காட்டுற டிமெஸ்ஜிலயும் ஒரு வரி கிடைக்கும், பிசில இருக்கிறது இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசசர்னா. செக்ஃபால்ட் அட் 18, ஐபி இன்னது, எஸ்பி இன்னது, எர்ரர் 4னு வரும். கோர் இல்லாட்டியும் இதுவே பாதி கதைய சொல்லிடும். 18ங்கிறது ஹெக்ஸ், அதாவது 24, ப்ரோக்ராம் தொடப் பாத்த அட்ரஸ். இவ்வளவு சின்ன அட்ரஸ் வந்தாலே நல் பாயின்டர்னு சந்தேகப்படலாம், ஸ்ட்ரக்ட் பாயின்டர் 0ஆ இருந்து அதுல 24ஆவது பைட்ல இருக்கிற மெம்பர படிக்க போயிருக்கு. எர்ரர் 4னா அங்க இல்லாத பேஜ படிக்க போனது, 6னா எழுத போனது.

இப்ப செட்டிங். சர்வீஸ் ஃபைல்ல சர்வீஸ் பகுதிக்கு கீழ லிமிட்கோர் ஈக்வல் இன்ஃபினிட்டி போடுங்க, டீமன் ரீலோட், ரீஸ்டார்ட். டெர்மினல்ல யூலிமிட் ஹைஃபன் சி அன்லிமிடெட்னு அடிச்சா போதும்னு நிறைய பேர் சொல்வாங்க, அது அந்த ஷெல்லுக்கும் அதுல இருந்து கிளம்புற ப்ரோக்ராமுக்கும் மட்டும்தான், உங்க சர்வீஸ தொடாது. அடுத்தது கோர் எங்க போகுதுங்கிறது, அத கெர்னலோட கோர் பேட்டர்ன் செட்டிங் முடிவு பண்ணும். உபுண்டுல வழக்கமா அது அப்போர்ட்டுங்கிற க்ராஷ் ரிப்போர்ட் ப்ரோக்ராமுக்கு அனுப்பிடும், அப்போர்ட் பேக்கேஜா இன்ஸ்டால் ஆன ப்ரோக்ராம்கள மனசுல வெச்சு செஞ்சது, நீங்களே கம்பைல் பண்ணி ஓட்டுற ப்ரோக்ராமுக்கு அத நம்பி இருக்க வேணாம். சிஸ்டம்டி கோர்டம்ப் பேக்கேஜ போட்டுடுங்க, அப்புறம் கோர்டம்ப்கண்ட்ரோல் லிஸ்ட்னு கேட்டா எந்த தேதி எத்தன மணிக்கு எது விழுந்துச்சுன்னு வரிசையா வரும், ஃபைல கம்ப்ரெஸ் பண்ணி வார் லிப் சிஸ்டம்டிக்கு கீழ வெச்சிருக்கும். பழசான டம்ப அதுவே கொஞ்ச நாள்ல கழிச்சு விட்டுடும், அதனால விழுந்த மறுநாளே எடுத்து தனியா காப்பி பண்ணி வைங்க.

செட் பண்ணிட்டு அடுத்த க்ராஷுக்காக காத்துட்டு இருக்காதீங்க. லாரி இல்லாத நேரமா பாத்து கில் கமாண்டால 11ஆம் சிக்னல சர்வீஸுக்கு நீங்களே அனுப்பி, லிஸ்ட்ல டம்ப் வருதா, ஜர்னல்ல டம்ப்டுனு மாறுதான்னு கண்ணால பாத்துடுங்க.

இன்னொரு பக்கம் பைனரி. கோர் ஃபைல் தனியா இருந்தா அதுல அட்ரஸ் மட்டும்தான் தெரியும், எந்த வரின்னு தெரியணும்னா டீபக் தகவல சேக்குற ஹைஃபன் ஜி போட்டு கம்பைல் பண்ணுன அதே பைனரி வேணும். அதேங்கிறத கவனமா எடுத்துக்கோங்க, சோர்ஸ்ல ஒரு வரிய மாத்தி திரும்ப கம்பைல் பண்ணிட்டா அட்ரஸ் எல்லாம் நகர்ந்துடும், அப்ப ஜிடிபிங்கிற டீபக்கர் சம்பந்தமே இல்லாத வரிய காட்டி உங்கள சுத்தல்ல விடும். ஹைஃபன் ஜி போட்டா ப்ரோக்ராம் மெதுவாகாது, ஃபைல் சைஸ் பெருசாகும், அவ்வளவுதான். ஃபேக்டரிக்கு அனுப்புற ஒவ்வொரு பில்டோட காப்பியையும் தேதி போட்டு உங்ககிட்ட வெச்சுக்கோங்க.

டம்ப் கைக்கு வந்ததும் கோர்டம்ப்கண்ட்ரோல் ஜிடிபினு அடிச்சு உள்ள போங்க. பிடி ஃபுல் அடிச்சா எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டு கடைசியா எங்க விழுந்துச்சுன்னு லோக்கல் வேரியபிளோட வரும், பல த்ரெட் இருந்தா த்ரெட் அப்ளை ஆல் பிடி அடிங்க, விழுந்தது ஒரு த்ரெட்டா இருக்கும், அதுக்கு காரணமான வேலைய இன்னொரு த்ரெட் பண்ணிட்டு இருக்கலாம். அப்புறம் இன்ஃபோ ரிஜிஸ்டர்ஸ். அதுல ஆர்ஐபிங்கிற ரிஜிஸ்டர் எந்த இன்ஸ்ட்ரக்ஷன்ல நிக்குதுன்னு சொல்லும், எக்ஸ் ஸ்லாஷ் ஐ டாலர் பிசினு கேட்டா அந்த இன்ஸ்ட்ரக்ஷனையே காட்டும். அது ஆர்ஏஎக்ஸ்ஸோட ஹெக்ஸ் 18 கூட்டி படிக்குதுன்னு வெச்சுக்கோங்க, மேல ஆர்ஏஎக்ஸ் 0னு இருந்தா நல் பாயின்டர் உறுதி.

உங்க கேஸ்ல நான் சந்தேகப்படுறது ஒண்ணு இருக்கு. எடை இண்டிகேட்டர் அனுப்புறது எழுத்து வடிவத்துல, 0 முதல் 9 வரைக்கும் ஹெக்ஸ்ல 30ல இருந்து 39. கேபிள்ல நாய்ஸ் வந்து வரி முடியுற கேரக்டர் தொலைஞ்சுட்டா உங்க கோட் நிறுத்தாம படிச்சுக்கிட்டே போய் பஃபர் எல்லைய தாண்டி எழுதிடும், லோட் அதிகமா இருக்கிற ராத்திரில அதுக்கான வாய்ப்பும் அதிகம். ஜிடிபில ஸ்டாக்க பாருங்க, எக்ஸ் ஸ்லாஷ் 16 ஜிஎக்ஸ் டாலர் எஸ்பி, ரிட்டர்ன் அட்ரஸ் இருக்க வேண்டிய இடத்துல 30, 32, 34, 35 மாதிரி பைட்டுகள் ஒட்டி ஒட்டி கிடந்தா (எட்டு எட்டு பைட்டா காட்டும்போது வரிசை தலைகீழா தெரியும்) லாரி எடைதான் ஸ்டாக் மேல ஏறி அத அழிச்சிருக்கு. உபுண்டு ஜிசிசி ஸ்டாக் ப்ரொடக்டர டிஃபால்ட்டாவே போடுறதால இந்த மாதிரி நேரத்துல 11க்கு பதிலா ஸ்டாக் ஸ்மேஷிங் டிடெக்டட்னு ஒரு மெசேஜோட 6ஆம் சிக்னல்ல சாகலாம், அதனாலதான் மேல நம்பர பாக்கச் சொன்னேன். மெமரி வாங்குற மேலாக், திருப்பிக் குடுக்குற ஃப்ரீ, இதுக்குள்ள விழுந்திருந்தா மட்டும் விழுந்த இடத்த நம்பாதீங்க, ஹீப்ப கெடுத்தது வேற எங்கயோ எப்பயோ நடந்திருக்கும், அப்ப மெமரி தப்ப நடக்கிற இடத்துலயே பிடிக்கிற அட்ரஸ் சானிடைசர் போட்ட பில்ட் ஒண்ண உங்க டேபிள்ல பழைய சீரியல் டேட்டாவ குடுத்து ஓட்டிப் பாருங்க.

சிக்னல் ஹேண்ட்லர் எழுதி நானே ரிஜிஸ்டர ஃபைல்ல எழுதிக்கிறேன்னு போறவங்களுக்கு என் கருத்து, கோர் டம்ப் வைக்கவே இடமில்லாத போர்டுல மட்டும் அத பண்ணுங்க. ஹேண்ட்லருக்குள்ள பிரிண்ட்எஃப், மேலாக் ரெண்டையும் தொடக்கூடாது, கெட்டுப்போன ஹீப்புக்குள்ள ஹேண்ட்லர் போய் மாட்டிக்கிட்டா ப்ரோக்ராம் சாகாமயும் ஓடாமயும் தொங்கி நிக்கும், அதுக்கு அப்புறம் ரீஸ்டார்ட்டும் ஆகாது. ரைட் சிஸ்டம் கால் மட்டும் போடலாம், ஸ்டாக் வழிஞ்சு சாகுறதையும் பிடிக்கணும்னா சிக்ஆல்ட்ஸ்டாக் வெச்சு தனி ஸ்டாக் குடுக்கணும், வேலை முடிஞ்சதும் சிக்னல டிஃபால்ட்டுக்கு மாத்தி மறுபடி ரெய்ஸ் பண்ணிடணும்.

காணாம போற லாரி எடைய பத்தி ஒண்ணு சொல்லணும், அது ஒரு விவசாயியோட காசு. கோர்ல மெமரி முழுசா இருக்கிறதால கடைசியா படிச்ச எடையும் வண்டி நம்பரும் வெச்சிருந்த வேரியபிள ஜிடிபில பிரிண்ட் பண்ணி எடுத்துடலாம், எடை விட்டுப் போன சீட்டுக்கு அதையே ஆதாரமா காட்டலாம். இனிமே படிச்ச உடனே எடைய டிஸ்க்ல எழுதி, உண்மையிலேயே டிஸ்க்ல போய் சேந்துடுற மாதிரி எஃப்சிங்க் பண்ணிட்டு அப்புறம் சீட்டு போடுற மாதிரி வரிசைய மாத்திடுங்க, பக் கிடைக்கிறதுக்கு முன்னாடியே இத பண்ணலாம். அதே காரணத்தால கோர் ஃபைல யாருக்கும் அப்படியே அனுப்பிடாதீங்க, டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதுக்குள்ள படிக்கிற மாதிரியே கிடக்கலாம். எனக்கு அனுப்புறதா இருந்தா பிடி ஃபுல் அவுட்புட், ரிஜிஸ்டர் அவுட்புட், ஸ்டாக்ல அந்த 16 மதிப்பு, சீரியல் படிக்கிற ஃபங்ஷன், இந்த நாலும் போதும், அதுலயும் பாஸ்வேர்ட் ஏதாச்சும் தெரிஞ்சா அழிச்சுட்டு அனுப்புங்க.