போர் என்ற சொல் இல்லாமல் போரை எழுதுவது

கேள்வி: எங்கள் குடும்பம் 1990-இல் தலைமன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்தது. நான் பிறந்தது மண்டபம் முகாமில். போர், நிலையாமை பற்றி ஹைக்கூ எழுதுகிறேன். 'போரே, உன் பசிக்கு / எத்தனை உயிர்கள்? / கண்ணீர்க் கடல்' என்பது அதில் ஒன்று. கோஷம் போல இருக்கிறது என்கிறாள் தோழி. போரைப் பார்க்காத நான் அதை எழுதலாமா? மூன்று வரிகளில் 5-7-5 ஒலிகள் என்ற கணக்கு கட்டாயமா? (பாரம் குறைக்கச் சொல்லிப் படகுக்காரர் எல்லாவற்றையும் கடலில் போடச் சொன்னபோதும், அம்மம்மா திருவலையை மட்டும் விடவில்லையாம். இன்றும் அதில்தான் தேங்காய் துருவுகிறார்.)
— வாசகி, மண்டபம்

பதில்: தோழி சொன்னது சரி. 'கண்ணீர்க் கடல்' மேடையில் கைதட்டல் வாங்கும். மூன்று வரிக்குள் அதற்கு வேலையில்லை. கவிதையை நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

எழுதலாமா என்று கேட்கிறீர்கள். 1689-இல் ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோ, பழைய போர்க்களமான ஹிரைசுமிக்குப் போனார். யொஷிட்சுனே என்ற போர்வீரர் அங்கே மாண்டு சரியாக ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாஷோ பார்த்தது புல்லைத்தான். கோடைப் புல், வீரர்களின் கனவில் மிஞ்சியது இவ்வளவுதான் என்று எழுதினார். வாள் இல்லை, ரத்தம் இல்லை. அவருக்கு ஐந்நூறு ஆண்டு தூரம். உங்களுக்கு அடுக்களை வரைதான்.

நம்மிடமும் இருக்கிறது. புறநானூறு 112-இல் பாரி மகளிர் பாடியது ஐந்தே அடி. அற்றைத் திங்களில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையது. இற்றைத் திங்களில் இரண்டும் இல்லை. போருக்கென்று அதில் வருவது வென்ற வேந்தரின் முரசு மட்டும். நிலா அப்படியே இருக்கிறது, கொடுமை அங்கேதான். இதைப் படித்தபின் 'நிலையாமை' என்ற சொல்லைக் கவிதைக்குள் போட மனம் வராது.

ஜப்பானியர் பருவச் சொல் ஒன்றை வைப்பார்கள். அந்தக் கோடைப் புல் அப்படிப்பட்டது. அதற்காகச் செர்ரிப்பூவைத் தேடி அலைய வேண்டாம் (வாரந்தோறும் எனக்கு வரும் ஹைக்கூக்களில் பாதி செர்ரிப்பூதான், ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து!). உங்கள் கரையில் வாடைக் காற்று இருக்கிறது, கச்சான் காற்று இருக்கிறது, நுங்கு வெட்டும் நாட்கள் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல பருவச் சொல் யாருக்குக் கிடைக்கும்? தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதை இடித்தது 1964 டிசம்பர் புயல், போர் இல்லை. தவிர, எல்லாரும் அதையே எழுதியாயிற்று.

5-7-5: கட்டாயமில்லை. ஜப்பானியக் கணக்கில் நெடில் இரண்டாக எண்ணப்படும். நம் எழுத்தையோ அசையையோ எண்ணினால் அந்த ஓசை வராது. மூன்று வரி, நடுவே ஒரு வெட்டு, அதாவது ஒரு நிறுத்தம். அது போதும். இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்து, இடையிலுள்ள 'அதனால்', 'போல' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்தே ஒரு வரைவு:

வாடை தொடங்கிவிட்டது
அம்மம்மாவின் திருவலையில்
இந்தக் கரைத் தேங்காய்

'இந்தக் கரை' என்றாலே அந்தக் கரை வந்துவிடுகிறது. படகைச் சொல்லவில்லை, கடலில் போட்டதையும் சொல்லவில்லை. எனக்கு முதல் வரியில் திருப்தியில்லை. வாடை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அம்மம்மா துருவும்போது வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து அதை மாற்றுங்கள். கேட்டும் எழுதுங்கள்: கடலில் போட்டவை எவை? ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலிலேயே பத்துக் கவிதை கிடைக்கும்.

வெளியூர் வாசகருக்குப் போர் புரியாதே என்று அடியில் விளக்கக் குறிப்பு போடாதீர்கள். ஏழெட்டைச் சேர்த்து அனுப்பும்போது மேலே 'தலைமன்னார் – ராமேஸ்வரம், 1990' என்று ஒரே ஒரு தலைப்பு கொடுங்கள்.