குந்தவை ஓலையை நீட்டும்போது

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் குந்தவை, வந்தியத்தேவன் காதலைத் திரும்ப எழுதினால் உயிரே வரவில்லை என்கிறீர்கள். குறை உங்களிடம் மட்டும் இல்லை. குடந்தை சோதிடர் வீட்டில் அவன் தடாலென்று நுழைந்து, அவளைப் பார்த்ததும் தடுமாறி நிற்கிற இடம் அருமை. அப்புறம் கல்கி அவளை வேலை ஏவுகிறவளாகவே அதிகம் காட்டுகிறார். ஏக்கமெல்லாம் அவனை ஒருதலையாகக் காதலிக்கும் கடம்பூர் இளவரசி மணிமேகலைக்குப் போய்விடுகிறது. கடைசியில் அவன் மடியில் உயிர் விடுவதும் அவள்தான். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

நீங்கள், குந்தவை அவனை இலங்கைக்கு அனுப்பும் காட்சியில் தொடங்குங்கள். தம்பி அருள்மொழியை அழைத்துவர இவனைச் சாகக் கொடுக்கிறோமோ என்று அவள் ஒரு கணம் நடுங்கட்டும். ஓலையை நீட்டியவள் பிடியை விடாமல், ராஜ்ய விஷயம் இல்லாத ஒரே கேள்வி கேட்கட்டும்: “உமக்கு நீச்சல் தெரியுமா?”

அவனுக்குத் தெரியாது. “தெரியும்” என்று சொல்லட்டும்.