வியாழனின் நிலவுகளுக்கு ஏன் கிரேக்கப் புராணப் பெயர்கள்?

ஒரு கோளைச் சுற்றிவரும் இயற்கைப் பொருளைத் துணைக்கோள் என்கிறோம், பேச்சுவழக்கில் நிலவு. வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் அயோ, யூரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ. நாலு பேருமே கிரேக்கக் கடவுள் சூஸ் ஆசைப்பட்டவர்கள். சூஸைத்தான் ரோமானியர்கள் ஜூபிடர் என்றார்கள்; மேற்கில் வியாழனுக்கும் அதே பெயர். மூத்தவனுக்கு முருகன் என்று வைத்த வீட்டில் அடுத்த பெண்ணுக்கு வள்ளி என்று வைப்பதில்லையா, அதே கணக்கு. (ஆசைக்குரியவர்கள் என்று நாசூக்காகச் சொல்கிறோம், பாதிக் கதைகள் கடத்தல்தான்.)

அயோவின் கதை சுவையானது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதைப் பாருங்கள். அவளோடு இருப்பது தெரியாமலிருக்க ஜூபிடர் பூமியை மேகத்தால் மூடுகிறார். பட்டப்பகலில் ஏன் இருட்டு என்று மனைவி ஜூனோவுக்குச் சந்தேகம். மேகத்தை விலக்கி இறங்கி வந்தால், கணவன் பக்கத்தில் வெள்ளைப் பசு ஒன்று! அயோவைத்தான் அவசரமாக அப்படி மாற்றியிருந்தார். 2016-இல் வியாழனை அடைந்து அதன் மேகங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆராயத் தொடங்கிய நாசா விண்கலத்தின் பெயரும் ஜூனோ. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல குறும்பு.

பலர் நினைப்பதுபோல இவை பண்டைக் கிரேக்கர் வைத்த பெயர்கள் அல்ல, கலிலியோ வைத்தவையும் அல்ல: அவர் 1610-இல் தொலைநோக்கியில் கண்டு, தன் புரவலர் குடும்பத்தின் பேரில் 'மெடிசி நட்சத்திரங்கள்' என்றார், இப்போதைய பெயர்களை 1614-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய வானியலாளர் சைமன் மாரியஸ்.