தூரத்தில் நின்றால் மேளத்தின் 'தும் தும்' மட்டும் கேட்பது ஏன்?

திருவிழா ஒலிபெருக்கியிலிருந்து நான்கு தெரு தள்ளி நின்றால் பாட்டின் சொற்கள் பிடிபடுவதில்லை; 'தும் தும்' மட்டும் ஜன்னல் வழியே நுழைந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. காரணம் அதிர்வெண்.

ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மேளத்தின் 'தும் தும்' குறைந்த அதிர்வெண் கொண்டது; சொற்களைப் பிரித்துக் காட்டும் ஒலிகளுக்கு அதிர்வெண் அதிகம். ஒவ்வோர் அதிர்விலும் காற்று நெருங்கி விலகும்போது, ஒலியின் ஆற்றலில் ஒரு துளி வெப்பமாக மாறிவிடுகிறது. பணம் கைமாறும்போதெல்லாம் தரகு கொடுப்பது போலத்தான்: எத்தனை முறை கைமாறுகிறதோ, அத்தனை இழப்பு. சாதாரண வானிலையில் ஒரு கிலோமீட்டரில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியிடம் காற்று வாங்கும் தரகு சுமார் 5 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு). 10,000 ஹெர்ட்ஸ் என்றால் அது 100 டெசிபலையும் தாண்டும். கிட்டத்தட்ட முழுக் கொள்ளை!

இன்னொன்றும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தனை நீண்ட அலை வீட்டுச் சுவரைச் சுற்றி வளைந்து வந்துவிடும். கீச்சுக்குரலுக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது.

அதிர்வெண் குறைந்த ஒலி வேகமாக ஓடுவதால்தான் தூரம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காற்றில் இரண்டுக்கும் ஒரே வேகம்தான், நொடிக்குச் சுமார் 340 மீட்டர்.